கொடையாளர் எண் ஒன்று

டாக்டர் வாகீஸ்வரிக்குத் தன் ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது. அடுத்தவர் ரத்தம் என்றால் ஒன்றும் செய்யாது, லிட்டர் கணக்கில் பார்ப்பார். தன்னுடையது குழாயில் ஏறுவதைப் பார்த்தால் மட்டும் கண் இருட்டிக்கொண்டு வரும். இருபத்தேழு வருஷமாக ரத்தத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிற அம்மாளுக்கு இப்படி ஒரு கோளாறு, என்ன சொல்வது! அதனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் இடது கையை நீட்டிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே தஞ்சாவூர் போகிற ரயில் பாதை. லேப் டெக்னீஷியன் சவரிமுத்து ஊசியைக் குத்துவார், கொஞ்சம் ஊர்க்கதை பேசுவார், "முடிஞ்சுது மேடம்" என்பார். திரும்பிப் பார்த்தால் மேஜையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் இருக்கும்.

இந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்குப் பின்னால் பெரிய சமாச்சாரம் உண்டு. நம் உடம்புக்குள் டென்ட்ரிடிக் செல் என்று ஒரு ஜாதி செல் இருக்கிறது. கிளை கிளையாகக் கையை நீட்டிக்கொண்டு உடம்பெல்லாம் சுற்றும், வருகிறவர் போகிறவரையெல்லாம் தடவிப் பார்க்கும், பார்த்ததைப் போய்ப் படையிடம் சொல்லும். இது நம்ம ஆள், விட்டுவிடு. இது அந்நியன், அடி. திருச்சிக்கு வெளியே இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் அதற்குக் 'கிளைக்காரி' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் டைரக்டர் வரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

கிளைக்காரிக்குப் புத்தி பிசகினால் சொந்த மூட்டுகளையே அந்நியன் என்று காட்டிக்கொடுத்துவிடுவாள். சொந்தச் சிறுநீரகத்தை, சொந்தத் தோலை. பிறகு உடம்பே உடம்பை அடிக்கும். வாகீஸ்வரியின் யோசனை சின்னதுதான். ஆரோக்கியமான ஒருவரின் கிளைக்காரிகளை வளர்த்து, அவர்கள் ஊறிய நீரில் நோயாளியின் கிளைக்காரிகளை நனைத்தால், எதை விட வேண்டும் என்று இவர்களும் கற்றுக்கொள்வார்களா?

கற்றுக்கொண்டார்கள். ஆனால் லேசில் இல்லை. முதல் ஒன்றரை வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஜப்பானிலிருந்து செல் வளர்க்கிற புது இன்குபேட்டர் வந்தது, வந்த மூன்றாவது வாரம் சோதனை ஜெயித்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த இன்குபேட்டருக்கு வாகீஸ்வரியே தன் கையால் சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஜனங்கள் அந்த மருந்தைப் 'பொறுமை ஊசி' என்றார்கள். இதுவரை நாற்பத்தோராயிரம் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை பேரின் கிளைக்காரிகளுக்கும் பாடம் நடத்தியது ஒரே ஆளின் ரத்தம். ஆய்வுக் கட்டுரைகளில் அந்த ஆளுக்குப் பெயர் 'கொடையாளர் எண் ஒன்று'. அது வாகீஸ்வரிதான் என்று பத்திரிகைகள் கண்டுபிடித்து, "தன் ரத்தத்தால் பாடம் சொன்ன பெண்மணி" என்று எழுதின. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காத மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பார், அவ்வளவுதான்.

இப்போது ஓய்வு பெற மூன்று வாரம் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. சவரிமுத்து தட்டும் ஊசியுமாக வந்தபோது வாகீஸ்வரி கையை நீட்டவில்லை.

"இன்னிக்கு வேணாம் சவரிமுத்து. உட்காருங்க."

சவரிமுத்து உட்காரவில்லை. அவர் மேடம் எதிரில் உட்கார்ந்ததே இல்லை. மே மாத வெயிலிலும் மணிக்கட்டு வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டையோடு நின்றார். அந்தச் சட்டையை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. "மாப்பிள்ளை, தாலி கட்டப் போறீங்களா?" என்று வாட்ச்மேன்கூடக் கேட்பார்.

"எனக்குக் கணையத்துல கட்டி. பயாப்சி வந்துடுச்சு. எட்டு மாசம்னு சொல்றாங்க, பத்துகூட ஆகலாம்."

சவரிமுத்து தட்டை மேஜையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழாதீங்க, நான் இன்னும் முடிக்கல. கட்டியோட துணுக்கை வாங்கிட்டு வந்து நானே பாத்தேன். சுத்தி ஒரு படைவீரன்கூட வரல. ஏன்னு பாத்தா, என் கிளைக்காரி அந்தக் கட்டியை 'நம்ம ஆள்'னு நினைக்கிறா. மூணு தடவை காட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கல. அவ கண்ணுக்கு அது தெரியவே இல்ல."

"அய்யோ மேடம்..."

"நான் செத்தா சாகறேன், அதுவா இப்போ பிரச்சினை? யோசிச்சுப் பாருங்க. நாப்பத்தோராயிரம் பேருக்கு யாரோட ரத்தத்தை வச்சுப் பாடம் எடுத்தோம்? என் கிளைக்காரி எதையெல்லாம் விடுறாளோ, அதையெல்லாம் அவங்க உடம்பும் விடும். என் குருட்டுத்தனத்தையும் சேத்துல்ல ஊசியில ஏத்தியிருக்கேன்! முதல் ஊசி போட்டு ஒம்பது வருஷம்தான் ஆவுது. இந்தக் கட்டி மெதுவா வர்றது. இனிமேதான் வரும்."

சவரிமுத்துவின் முகம் வெளுத்தது. ஏன் என்று வாகீஸ்வரிக்குத் தெரியும். சவரிமுத்துவின் மனைவி லூர்துமேரி ஏழு வருஷத்துக்கு முன்னால் பொறுமை ஊசி போட்டுக்கொண்டவர். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி, தம்ளர் பிடிக்க முடியாமல் இருந்தவர், இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு சமைக்கிறார்.

"லூர்துக்கிட்ட நானே வந்து சொல்றேன். எல்லாருக்கும் கடிதம் எழுதி வச்சிருக்கேன். இன்னிக்கே அனுப்பப் போறேன்."

"வேணாம் மேடம்!" சவரிமுத்து இப்படிக் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. "இன்னிக்கு அனுப்பாதீங்க. தொட்டியில உறைய வச்ச பழைய புட்டி இருக்குல்ல, கொடையாளர் ஒண்ணு, எல்லா வருஷத்துதும் இருக்கு. அதுக்கு அந்தக் கட்டியைக் காட்டிப் பாப்போம். பாத்துட்டு அனுப்புங்க."

"எதுக்கு? என் ரத்தம்தானே. அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்."

"பாத்துட்டு அனுப்புங்க மேடம். உங்க கால்ல வேணாலும் விழுறேன்."

மனுஷன் பெண்டாட்டிக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தார் வாகீஸ்வரி. பாவமாக இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் எதையுமே கேட்டதில்லை. "சரி, வியாழக்கிழமை வரைக்கும்" என்றார்.

டைரக்டர் கதிரவனிடம் அன்றைக்கே விஷயத்தைச் சொன்னார். கதிரவன் அவரிடம் படித்துவிட்டு, அவருக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தவர். மரியாதை உண்டு, பயமும் உண்டு.

"மேடம், ஒரு நிமிஷம். இது வெளியில போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? பாதிப் பேரு அடுத்த தவணை ஊசியை நிறுத்திடுவாங்க. நிறுத்தினா அவங்களுக்குப் பழைய வியாதி திரும்பி வரும். கிட்னி போயிடும், சிலருக்கு உயிரே போயிடும். வரும் வராதுன்னு தெரியாத கட்டிக்காக..."

"வந்தா அவங்க உடம்புக்கு அடிக்கத் தெரியாதே கதிரவன்."

"பிரிவு உபசார விழா முடியட்டுமே. அமைச்சர் வர்றாரு. நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க."

டயர்டாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை. மூன்று மாதமாகவே மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் உடம்பின் அசதி பெரிதில்லை. செய்ததெல்லாம் தப்போ என்கிற அசதி இருக்கிறதே, அது உட்கார்ந்தாலும் போகவில்லை, படுத்தாலும் போகவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று தள்ளியது, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 'இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, வர முடியாது' என்று சொன்னது, எல்லாம் இதற்காகத்தானே? நாற்பத்தோராயிரம் பேரைக் குருடாக்கவா? "விழாவும் வேண்டாம் மாலையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஆறு புட்டிகளைச் சவரிமுத்துவே எடுத்து உருக்கிக் கொடுத்தார். வெவ்வேறு வருஷத்துப் புட்டிகள். வாகீஸ்வரி அவற்றுக்குத் தன் கட்டியின் துணுக்கைக் காட்டினார். கிளைக்காரி அந்நியனைக் கண்டு விழித்துக்கொண்டால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுங்கும். கண்டுகொள்ளவில்லை என்றால் இருட்டு. அவ்வளவுதான் சோதனை, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை முதல் தட்டைப் பார்த்தார். பச்சை.

கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். தட்டு முழுக்கப் பச்சை, கிளைக்காரிகள் கையெல்லாம் விரித்துக்கொண்டு ஆவேசமாக நின்றார்கள். இரண்டாவது தட்டும் பச்சை. மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது மட்டும் இருட்டாகக் கிடந்தது. லேபிளைப் பார்த்தார், அது முதல் வருஷத்துப் புட்டி.

இப்படி நடக்க வழியே இல்லை. புட்டி மாறியிருக்குமோ என்று பெட்டி எண்ணைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. பிறகு இருபத்தேழு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். அந்தச் செல்களின் திசு வகையைச் சோதித்தார். சோதனைக் கருவி பக்கத்து அறையில்தான் இருந்தது, அரை மணி நேர வேலை. ஆனால் யார் செய்வார்கள்? தன் கையிலிருந்து வந்த ரத்தம் தன்னுடையதுதானா என்று எந்தப் பைத்தியம் சோதித்துப் பார்க்கும்? முதல் வருஷத்து ரிப்போர்ட்டையே எல்லாக் கட்டுரையிலும் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் வருஷத்துப் புட்டி அவருடையது. மற்ற ஐந்தும் வேறு யாரோ ஒருவருடையது. ஐந்துக்கும் ஒரே ஆள்.

"சவரிமுத்து!"

வாசலிலேயேதான் நின்றுகொண்டிருந்தார் போல. உடனே உள்ளே வந்தார்.

"யார் ரத்தம் இது?"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கய்யா! யாரோடது?"

"என்னோடது மேடம்."

வாகீஸ்வரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "எப்பலேருந்து?"

"ரெண்டாவது வருஷம் ஆடி மாசத்துலேருந்து. இந்த ரூம்லயே நீங்க மயங்கி விழுந்தீங்களே."

"அது வெயில்ல வந்த மயக்கம்."

"வெயில் இல்ல மேடம். ஹீமோகுளோபின் ஏழு. நான் பாத்துட்டு உங்ககிட்ட சொன்னேன். 'ஒரு வாரம் விட்டாலும் சோதனை வரிசை அறுந்து போயிடும், பேசாம எடுங்க'ன்னு கத்துனீங்க. வாரா வாரம் ஆறு டியூப். நீங்களோ காலையில பட்டினி, மத்தியானம் ஒரு பன்னு. எப்படி மேடம் எடுக்குறது? எனக்கு மனசு வரல. ஒரே ஒரு டியூப் உங்களுது எடுப்பேன். மிச்ச அஞ்சும் என்னோடது. காலையில ஏழு மணிக்கே வந்து ஒத்தைக் கையால குத்தி எடுத்து வச்சிருவேன். நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பிக்குவீங்களே."

"என்னோட அந்த ஒரு டியூப்?"

"அதுல ஹீமோகுளோபின் பாத்துட்டு ப்ளீச்சுல ஊத்திருவேன். ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு பாத்துத்தான் பேரீச்சம்பழம் எவ்வளவு வாங்கறதுன்னு முடிவு பண்ணுவேன்."

"மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்காரங்க வந்தப்போ, வெளி லேபுக்கு அனுப்பினோமே?"

"அன்னிக்கு மட்டும் உங்களுதை அனுப்பினேன். உங்க பேர்ல போறதாச்சே, பொய்யா இருக்கக் கூடாதுன்னு."

"அடப்பாவி மனுஷா!" வாகீஸ்வரி மேஜையில் ஓங்கித் தட்டினார். "நீங்க டெக்னீஷியனா இல்ல வேற யாராவதா? என் பேர்ல நூத்துப்பத்து கட்டுரை இருக்கு. அத்தனையும் பொய்யா? நான் தேறினதும் நிறுத்தித் தொலைச்சிருக்கலாமே!"

"நிறுத்தணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சோதனை ஜெயிச்சிருச்சு மேடம்."

வாகீஸ்வரி மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையிலிருந்த ஜப்பான் இன்குபேட்டரைப் பார்த்தார். போன ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் கதவில் இன்னும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆடி மாசம்" என்றார். "இன்குபேட்டர் வந்ததும் ஆடி மாசம்தானே."

"ஆமா மேடம். நீங்க இன்குபேட்டர்தான் காரணம்னீங்க. நானும் அப்படித்தான் நம்பினேன், சத்தியமா. ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம். திரும்ப உங்க ரத்தத்துக்கு மாத்தி, அது தோத்துப் போச்சுன்னா? ஒன்றரை வருஷம் நீங்க அழுததை நான் பாத்திருக்கேன்ல. அப்படியே ஓட்டிட்டேன்."

அப்படியானால் வாகீஸ்வரியின் ரத்தம் ஒருநாளும் ஜெயித்திருக்காது. இருபத்தேழு வருஷம், விருதுகள், பத்திரிகைக்காரர்கள், அந்தப் பிடிக்காத மாதிரியான சிரிப்பு, எல்லாமே இந்த மனுஷனின் கையிலிருந்து வந்தவை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், கொஞ்சம் கொஞ்சமாக, வேறொன்று புரிந்தது. நாற்பத்தோராயிரம் பேரும் தன் குருட்டுத்தனத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் உடம்புக்கு அந்தக் கட்டியை அடிக்கத் தெரியும். லூர்துமேரிக்கும் தெரியும். வாகீஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை, நிற்பதற்கு நேரமாயிற்று.

சவரிமுத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கணும் மேடம். வாய் வரல. புட்டியே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"லூர்துக்குத் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுலயே தெரியும். கையில தழும்பைப் பாத்துட்டு ஒரே சண்டை. ஊசி போட்டதுக்கப்புறம் நான் சொன்னேன், ஏன்டி, உனக்குள்ள இருக்கறது என் பொறுமைடின்னு. இருந்தும் திட்டத்தான் செய்யறா."

வாகீஸ்வரிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. வயிற்றுக்குள் வலித்தது, அதைப் பொருட்படுத்தவில்லை.

சவரிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், என் கிளைக்காரி அந்தக் கட்டியைப் பாத்து எழுந்து நிக்கறாள்ல? அவளை வச்சு உங்களுக்கு ஏதாவது ஊசி..."

"நாம பொறுமையைத்தான் கத்துக்கொடுத்தோம் சவரிமுத்து. கோபத்தைக் கத்துக்கொடுக்கறது வேற பாடம். அதுக்கு இன்னொரு இருபத்தேழு வருஷம் ஆகும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்கிட்ட எட்டு மாசம்தான் இருக்கு. அதுல செய்ய வேற வேலை இருக்கு. உங்க கிளைக்காரிக்கும் ஏதாவது ஒண்ணு கண்ணுல படாமத்தான் இருக்கும், ஒவ்வொருத்தருக்கும் இருக்கும். அது எதுன்னு நமக்குத் தெரியாது. அந்த நாப்பத்தோராயிரம் பேருக்காகக் கண்டுபிடிச்சாகணும்."

"எனக்கு ஒரு வியாதியும் இல்லியே மேடம்."

"எனக்கும் போன வருஷம் வரைக்கும் இல்ல."

எழுதி வைத்திருந்த கடிதத்தைத் திரையில் திறந்து, முதல் வரியைத் தவிர மற்றதையெல்லாம் அழித்தார். நடந்ததை நடந்தபடி எழுதினார். இனி யார் பெயர் கெடும், எந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள், கதிரவன் என்ன குதி குதிப்பார் என்பதெல்லாம் அப்புறம். யாரும் ஊசியை நிறுத்த வேண்டாம் என்பதையும், சோதனை ஒன்று நடக்கிறது என்பதையும் இரண்டு முறை எழுதினார். அனுப்பினார். பிறகு அலமாரியிலிருந்து ரப்பர் பட்டையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"உட்காருங்க."

இந்த முறை சவரிமுத்து உட்கார்ந்தார், வாகீஸ்வரியின் நாற்காலியில்.

"கையை நீட்டுங்க. சட்டையை மடக்குங்க."

அவர் மடக்கவில்லை. வாகீஸ்வரியே மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றி மடித்துவிட்டார். முழங்கையின் உள்பக்கம் தோல் தடித்து, கறுத்து, புள்ளி மேல் புள்ளியாகச் சுருங்கிக் கிடந்தது. இடம் மாற்றி மாற்றிக் குத்தியதில் தழும்பு பாதி முன்னங்கை வரை இறங்கியிருந்தது. எல்லாம் இடது கையில். ஒற்றைக் கையால் குத்துகிறவனுக்கு வேறு கை ஏது?

வாகீஸ்வரி பட்டையைக் கட்டி நரம்பைத் தேடினார். ஊசி பிடித்துப் பல வருஷமாயிற்று.

"அங்க கிடைக்காது மேடம். கொஞ்சம் கீழ, இடது பக்கமா."

கிடைத்தது. ரத்தம் குழாயில் ஏறுவதை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தார். குழாய் நிறைந்ததும் பேனாவை எடுத்து, பழக்கத்தில் லேபிளில் 'கொடையாளர்' என்று எழுதி, நிறுத்தி, அடித்தார்.

"உங்க இனிஷியல் என்ன?"

"தே, மேடம். அப்பா பேரு தேவசகாயம்."

'தே. சவரிமுத்து' என்று எழுதினார். இருபத்தேழு வருஷத்தில் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. சட்டைக் கையை இறக்கிவிடப் போனவரைத் தடுத்தார்.

"அப்படியே இருக்கட்டும். இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. நாளையிலேருந்து அரைக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க, ஊரே வெந்து சாகுது."

மறுநாள் காலை வாகீஸ்வரி வரும்போது சவரிமுத்து வாசலில் நின்றார். மேஜையில் பேரீச்சம்பழம் இருந்தது, செவ்வாய்க்கிழமை இல்லையென்றாலும். சட்டை மட்டும் அதே முழுக்கை, மணிக்கட்டு வரை பட்டன்.

"என்ன சவரிமுத்து, சொன்னேன்ல?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"வீட்ல பீரோவையே கவுத்துப் பாத்துட்டோம் மேடம். என்கிட்ட அரைக்கைச் சட்டையே இல்ல."